காற்றுப் போக ஓட்டை இல்லாத டப்பா

அக்கா,

நேற்றுக் காலை என் மருமகளின் கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்தது. வெளியூர் போகும்போது சார்ஜ் ஏற்றிக்கொள்ள அவள் பையில் ஒரு பவர் பேங்க் வைத்திருக்கிறாள். அதைச் செய்த கம்பெனிதான் அனுப்பியிருந்தது. அந்த வகையில் சில, அளவுக்கு மீறிச் சூடாகித் தீப்பிடிக்கக்கூடும், உடனே பயன்படுத்துவதை நிறுத்துங்கள், நாங்களே ஆள் அனுப்பித் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம், பதிலுக்குப் புதியது தருகிறோம் என்று எழுதியிருந்தார்கள். அவள் அதை எனக்கு வாசித்துக் காட்டினாள். காட்டிவிட்டு அந்தக் கறுப்புக் கட்டியை எடுத்து எப்போதும்போலச் சுவரில் சொருகினாள்.

“என்னம்மா, மறுபடியும் சொருகுற?”

“ஒண்ணும் ஆவாது அத்தை. நம்மளுது நல்லாத்தான் இருக்கு.”

நான் எழுந்து கொல்லைப் பக்கம் போய் நின்றுகொண்டேன். எரிந்த பிளாஸ்டிக்கும் கீற்றும் சேர்ந்த வாடை மூக்கில் ஏறியது. அங்கே எதுவும் எரியவில்லை. தஞ்சாவூருக்கு வந்து இத்தனை வருஷமாகியும் அந்த வாடை எங்கிருந்தோ எனக்கு மட்டும் வரும்.

நாங்களே ஆள் அனுப்பித் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம். இந்த ஒரு வரியைக் கேட்டுத்தானே அக்கா நீங்கள் கால் தேய நடந்தீர்கள்? “குடுத்தவன் வந்து வாங்கிட்டுப் போவட்டும் புள்ள, நான் வேற எதுவும் கேக்கல” என்று எத்தனை பேரிடம் சொன்னீர்கள்? நீங்கள் போன பிறகு, கேட்காதவள் கைக்கு அது வந்து சேர்ந்திருக்கிறது. அவள் அதைப் படித்துவிட்டு வேலைக்குக் கிளம்பிப் போய்விட்டாள்.

உங்கள் தெருவுக்கு நான் முதன்முதலில் வந்தபோது நீங்கள் எல்லாரும் என்னைச் சந்தேகமாகத்தான் பார்த்தீர்கள். மன்னார்குடியிலிருந்து பஸ் பிடித்து, வாய்க்கால் கரையோடு நடந்து, கையில் ஊசிப் பெட்டியோடு வருகிற நர்சு. கிறிஸ்தவப் பெண் வேறு. ஊசி போட்டால் பிள்ளைக்குக் காய்ச்சல் வரும் என்று பெண்கள் வீட்டுக்குள் போய்ப் படலைச் சாத்திக்கொண்டார்கள். நீங்கள்தான் இடுப்பில் முந்தானையைச் சொருகிக்கொண்டு தெரு நடுவில் நின்று கத்தினீர்கள். “ஏண்டி ஒளியிறீங்க? இது நம்ம பக்கத்துப் புள்ளதான். இதோட அப்பனும் ஒரு காலத்துல சேத்துல கெடந்தவருதான். வாங்கடி வெளிய.” என் அப்பா பண்ணை வேலையை விட்டு லுத்தரன் கோவிலில் மணியடிக்கிறவராகப் போனவர் என்பது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று நான் கடைசிவரை கேட்கவில்லை. உங்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. நடவுக்கும் அறுப்புக்கும் கூலி பேசப் போகும்போது விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்காரர்கள் உங்களைத்தான் முன்னால் நிறுத்துவார்கள். பண்ணையின் காரியஸ்தர் உங்களைக் கண்டால் பேச்சைச் சுருக்கிக்கொள்வார்.

அப்போது நிலச் சண்டை சூடாக இருந்த காலம். உங்கள் தெருவில் இருந்த அத்தனை குடிசையும் பண்ணையின் இடத்தில் நின்றது. குடியிருக்கிறவனுக்கே மனை சொந்தம் என்று சர்க்கார் சட்டம் போட்டிருந்தது. பட்டா மட்டும் வரவில்லை. பண்ணை கோர்ட்டுக்குப் போயிருந்தது. சங்கம் கொடி பிடித்தது. ஒருநாள் களத்துமேட்டில் பேச்சு முற்றியபோது காரியஸ்தர், “இந்தக் கீத்துக் கொட்டாய்க்கு இத்தன பேச்சா? ஒரு நெருப்புக் குச்சி போதும்டா” என்று எல்லார் காதிலும் விழச் சொன்னார். அதைக் கேட்டு யாரும் சிரிக்கவில்லை. இந்தப் பக்கத்தில் குடிசை எரிவதென்றால் என்ன அர்த்தம் என்று பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் குடிசைக்கு ஒரு பல்பு என்று சர்க்கார் இலவசமாக விளக்குப் போட்டுக் கொடுத்தது. உங்கள் வீட்டுக்காரர் ஓர் அறுவடை முடிந்து மன்னார்குடி கடைத்தெருவில் ரேடியோ வாங்கி வந்தார். தெருவே கூடி நின்றது. அண்ணன் அதைத் தோளில் வைத்துக்கொண்டு வந்த அழகை நீங்கள் எத்தனை தடவை செய்து காட்டியிருக்கிறீர்கள்! பேட்டரிக் கட்டை வாங்கி மாளவில்லை என்று கொஞ்ச நாளில் அவரே எலிமினேட்டர் என்ற டப்பாவையும் வாங்கி வந்தார். கட்டை இல்லாமல் வீட்டுக் கரண்டிலேயே ரேடியோவைப் பாட வைக்கிற டப்பா. பல்பு ஹோல்டரிலிருந்து ஒயர் இழுத்து, மூங்கில் காலில் ஆணியடித்து அதை மாட்டினார். உங்கள் மகள் மலர் அதற்குக் கீழேயே உட்கார்ந்துவிட்டாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பாட்டு, படுக்கும்வரை பாட்டு.

ஒருநாள் நான் வந்திருந்தபோது நீங்கள் அந்த டப்பாவின் மேல் என் கையை எடுத்து வைத்தீர்கள். வைக்க முடியவில்லை.

“பாத்தியா புள்ள, தோசக்கல்லு மாதிரி இருக்கு. மூங்கி கூட கறுத்துப்போச்சு. இவரு கேக்க மாட்டங்கிறாரு.”

அண்ணன் சிரித்தார். “கடக்காரன்கிட்ட கேட்டுட்டேன். அது அப்படித்தான் சூடாவுமாம். ஒண்ணும் ஆவாதாம். கம்பெனி சாமான் நர்சு இது.”

அதன் பிறகு நீங்கள் வெளியே போகும்போதெல்லாம் அதைப் பிடுங்கி வைத்துவிட்டுத்தான் போவீர்கள். மலருக்கும் சொல்லி வைத்திருந்தீர்கள். ஆனால் அந்த ஆனி மாதம் அவளுக்கு அம்மை வார்த்திருந்தது. வாசலில் வேப்பிலை சொருகியிருந்தது. ஆற்றில் தண்ணீர் வந்து குறுவை நடவு மும்முரமாக நடந்த சமயம். வீட்டில் இருந்தால் அடுப்பெரியாது. உடம்பெல்லாம் கொப்புளத்தோடு படுத்திருந்த பிள்ளை, “பாட்டு மட்டும் இருக்கட்டும்மா” என்று கேட்டிருக்கிறாள். நீங்கள் வைத்துவிட்டுப் போனீர்கள். இதைப் பற்றி நீங்கள் என்னிடம் ஒரே ஒரு தடவைதான் பேசினீர்கள். எந்தத் தாயும் வைத்துவிட்டுத்தான் போயிருப்பாள்.

உச்சி வெயிலில் நடவு வயலில் நின்றபடி நீங்கள் புகையைப் பார்த்தீர்கள். காற்று மேற்கிலிருந்து அடித்துக்கொண்டிருந்தது. நாற்று முடியைப் போட்டுவிட்டுச் சேற்றுக்காலோடு எல்லாப் பெண்களும் ஓடினீர்கள். நான் அப்போது பக்கத்துத் தெருவில் ஒரு பிரசவித்த பெண்ணைப் பார்க்க வந்திருந்தேன். நானும் ஓடி வந்தேன். உங்கள் குடிசையின் கூரை உள்ளே விழுந்திருந்தது. இரண்டு பக்கமும் அடுத்தடுத்த குடிசைகள் பற்றியிருந்தன. மலர் எப்படியோ தவழ்ந்து வாசலுக்கு வந்திருந்தாள். அவளை வாழையிலையில் கிடத்தி, பண்ணை டிராக்டரை மறித்து ஏற்றி, மன்னார்குடி போய், அங்கிருந்து தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழி முழுக்க நீங்கள் அழவில்லை. அவள் மேல் வெயில் படாமல் முந்தானையை விரித்துப் பிடித்துக்கொண்டே வந்தீர்கள்.

மறுநாள் விடிந்த பிறகு அவளுக்கு நினைவு தெளிந்தது. எரிந்தவர்களுக்குப் போகிற நேரத்தில் அப்படி ஒரு தெளிவு வரும், எனக்கு அது தெரியும். உங்களுக்குத் தெரியாது. நீங்கள் பிழைத்துக்கொண்டாள் என்றே நினைத்தீர்கள். அவள் உங்களைப் பார்த்துத் தெளிவாகச் சொன்னாள்.

“அம்மா, ரேடியோ டப்பாதாம்மா. உருகி ஊத்துச்சு. கீத்துல பத்திக்கிச்சு. நான் பிடுங்கலாம்னு எந்திரிச்சேன், முடியலம்மா.”

“பரவால்லடா. டப்பாதானே, போவட்டும்” என்றீர்கள் நீங்கள்.

அந்தக் கட்டில் அருகே இருந்தவர்கள் நீங்களும் நானும் மட்டும். அண்ணன் கீழே மருந்து வாங்க நின்றுகொண்டிருந்தார். வாக்குமூலம் எழுத மாஜிஸ்திரேட் வந்து சேரும்போது அவள் போய்விட்டிருந்தாள்.

பிள்ளையைக் கொண்டு ஊருக்குத் திரும்பியபோது தெருமுனையில் கொடி நின்றது. பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்திருந்தார்கள். பண்ணையின் வயல் காவல்காரர் கோவிந்தனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போயிருந்தது. பண்ணை வைத்த தீ என்று கோஷம் போட்டார்கள். நான் அவர்களைத் தப்புச் சொல்ல மாட்டேன் அக்கா. நெருப்புக் குச்சி என்று காரியஸ்தர் சொன்னதை எல்லாரும் கேட்டிருந்தார்கள். செய்யக்கூடியவர்கள்தான் அவர்கள். அன்றைக்கு அதைச் செய்யவில்லை, அவ்வளவுதான்.

காடாற்று முடிந்த அன்று சங்கத் தலைவர் உங்களைப் பார்க்க வந்தார். நல்ல மனிதர் அவர். உங்கள் தெருவுக்காக ஜெயிலுக்குப் போய் வந்தவர். எரிந்த இடத்தில் போட்டிருந்த பந்தலுக்குக் கீழே உங்கள் எதிரில் தரையில் உட்கார்ந்தார். நான் உங்கள் பக்கத்தில் இருந்தேன். அண்ணன் கொஞ்சம் தள்ளி முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

“ஏதோ ரேடியோன்னு சொன்னியாமே?”

“எம் பொண்ணு சொன்னதுங்க. நர்சும் கேட்டுச்சு.”

“சின்னப் புள்ள. மயக்கத்துல என்ன சொல்லுச்சோ. இந்தா பாரும்மா, இப்ப கலெக்டரே எறங்கி வந்திருக்காரு. தெரு முழுக்க இருபது வருஷமா கேட்ட பட்டா, இந்தத் தடவ கெடைச்சிரும். நீ பாத்தேன்னு சொல்ல வேணாம். எதுவும் சொல்ல வேணாம். சும்மா இரு, அது போதும்.”

“சும்மா இருந்தா கோவிந்தன் என்ன ஆவான்?”

“அவன் பண்ணை ஆளு.”

“அவன் அன்னிக்கு நாங்க நட்ட வயலுக்குத் தண்ணி கட்டிக்கிட்டு நின்னானுங்க. பொகையப் பாத்து மொத சத்தம் போட்டவனே அவன்தான். நட்டவ அத்தன பேரும் பாத்தோம்.”

“மத்தவங்க யாரும் அப்படிச் சொல்லலியே?”

நீங்கள் தெருவைப் பார்த்தீர்கள். உங்களோடு நட்ட பெண்கள் வாசல்களில் நின்றிருந்தார்கள். யாரும் உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. அவர்களுக்கும் பிள்ளைகள் இருந்தன, பட்டா இல்லாத குடிசைகள் இருந்தன. நீங்கள் திரும்பி அவரிடம் சொன்னீர்கள்: “கடைசியா எம் பொண்ணு பேசுன பேச்சுங்க அது. அத முழுங்கிட்டு நான் எப்படி சோறு திங்கறது?”

அப்போதுதான் அண்ணன் எழுந்து வந்தார். “அது ரேடியோ இல்ல. நான் வாங்கியாந்தது இல்ல. பண்ணை ஆளுவதான் வச்சானுவ. எனக்குத் தெரியும்.”

நீங்கள் அவரை நிமிர்ந்து பார்த்தீர்கள். அந்தப் பார்வையில் எனக்கும் புரிந்தது. தோளில் வைத்து ஆசையாக வாங்கி வந்த பொருள் தன் பிள்ளையைக் கொன்றது என்று அந்த மனிதரால் நினைத்துக்கொண்டு உயிரோடு இருக்க முடியாது. அவருக்குப் பண்ணை வேண்டியிருந்தது. அதன் பிறகு அவர் காதுபட நீங்கள் டப்பாவைப் பற்றிப் பேசியதே இல்லை. “அவரு அப்படியே நம்பிக்கிட்டு இருக்கட்டும் புள்ள. நீயும் சொல்லிடாத” என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டீர்கள்.

ஆனால் போலீசிடம் சொன்னீர்கள். கோர்ட்டிலும் சொன்னீர்கள். நானும் வந்து நான் கேட்டதைச் சொன்னேன். கோவிந்தனை விட்டுவிட்டார்கள். அவர் ஜெயிலிலிருந்து வந்ததும் பெண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு திருப்பூர்ப் பக்கம் போய்விட்டார். உங்களைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகக்கூட அவருக்குப் பயமாக இருந்தது. கலெக்டர் வருவதும் நின்றது. மின்சார ஆபீசிலிருந்து வந்தவர், இலவசப் பல்புக்குக் கொடுத்த கரண்டில் ரேடியோ போட்டது விதிக்குப் புறம்பு என்று எழுதிக்கொண்டு போனார். தெருவின் பட்டாவுக்கு மறுபடியும் கோர்ட்டு வாய்தா விழுந்தது. பண்ணை காரியஸ்தர் ஒரு மூட்டை நெல்லை மாட்டுவண்டியில் ஏற்றி உங்களுக்கு அனுப்பினார், நன்றியாம். நீங்கள் வண்டியைத் தெருமுனையிலேயே திருப்பி அனுப்பினீர்கள். திருப்பி அனுப்பியதை யாரும் பார்க்கவில்லை. வந்ததைத்தான் பார்த்தார்கள். பண்ணையிடம் விலை போனவள் என்றார்கள். குழாயடியில் நீங்கள் குடம் வைத்தால் அடுத்த குடம் தள்ளி வைக்கப்பட்டது.

என் விடுமுறை நாள் ஒன்றில் நாம் இருவரும் மன்னார்குடிக்குப் போனோம். அந்த ரேடியோ கடைக்காரர் முதலில் நாற்காலி போட்டார். விஷயத்தைச் சொன்னதும், திருட்டுக் கரண்டில் போட்டால் அப்படித்தான் என்றார். கம்பெனி விலாசத்தை மட்டும் கொடுத்தார். நான் கடுதாசி எழுதினேன், நீங்கள் கைநாட்டு வைத்தீர்கள். பதில் வரவில்லை. மறுபடி எழுதினேன். மழைக்காலம் போய்ப் பொங்கல் வந்தது. பதில் கேட்க மீண்டும் அந்தக் கடைக்குப் போனோம்.

அன்றைக்குக் கண்ணாடிப் பெட்டிக்குள் புதிதாக எலிமினேட்டர் அடுக்கியிருந்தார்கள். அதே பெயர். அட்டையில் அதே சிரிக்கிற குடும்பத்தின் படம். நீங்கள் ஒன்றைக் கேட்டு வாங்கிக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள்.

“இதுல என்னங்க இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓட்ட?”

“சூடு வெளிய போவறதுக்கும்மா. புது மாடல். உள்ள ஃபியூசும் வச்சிருக்கான். எதாச்சும் கோளாறுன்னா அது பட்டுனு போயிடும். டப்பா உருகாது.”

நீங்கள் அந்த ஓட்டைகளை விரலால் தடவினீர்கள். பிறகு என் பக்கம் திரும்பினீர்கள். “அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு புள்ள.”

கம்பெனியின் விற்பனை ஆள் அன்று கடையில்தான் இருந்தான். சின்ன வயது, இஸ்திரி போட்ட சட்டை. நீங்கள் அந்த டப்பாவை அவன் முன்னால் வைத்தீர்கள்.

“தம்பி, பழசுல ஓட்ட இல்ல. சூடு போவ வழியில்ல. ஃபியூசு இல்ல. அது தெரிஞ்சதாலதான இதுல வச்சீங்க?”

“அதெல்லாம் இல்லம்மா. இது இம்ப்ரூவ்மென்ட். பழசுல குறைன்னு யாரும் கம்ப்ளைன்ட் பண்ணல.”

“நான் பண்ணேன். இந்த நர்சு எழுதுச்சு.”

“எனக்கு வரலம்மா.”

“சரி, விடு. எம் பொண்ணு போயிட்டா, அதுக்கு நான் ஒண்ணும் கேக்கல. பழசு ஊரெல்லாம் மாட்டிக் கெடக்குது. அத நீங்க வந்து எடுத்துக்கிட்டு இதக் குடுத்துட்டுப் போங்க. குடுத்தவன்தானே வந்து வாங்கணும்?”

அவன் கடைக்காரரைப் பார்த்தான். கடைக்காரர் மேசையில் இருந்த தூசியைத் துடைத்தார். “பழசெல்லாம் வித்துப் போச்சும்மா. யாரு வாங்குனா, எந்த ஊருன்னு நான் எங்க போயி தேடறது?” என்றார். அந்தப் பையன் ஸ்கூட்டரில் கிளம்பிப் போனான். அவன் மேலும் எனக்குக் கோபம் வரவில்லை. அவனும் சம்பளத்துக்கு விற்கிறவன்.

நீங்கள் அன்றிலிருந்து நடக்க ஆரம்பித்தீர்கள். நடவு இல்லாத நாட்களில், மதியக் கஞ்சியைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு, ரேடியோ பாடுகிற வீடாகப் பார்த்து ஏறி இறங்கினீர்கள். “ஓட்ட இல்லாத டப்பா இருந்தா கழட்டிப் போட்டுடுங்கம்மா” என்று சொல்வீர்கள். சில இடத்தில் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்துக் கேட்பார்கள். கேட்டுவிட்டு, “எங்களுது நல்லாத்தான் பாடுது” என்பார்கள். ஒரு வீட்டில் ஒரு பெண், தன் மாமியார் பார்க்காத நேரத்தில் கழற்றி உங்கள் கையில் கொடுத்தாள். பாவம், அவளை அன்று அடித்தார்களாம். உங்கள் தெருவிலேயே ஒருவரும் கழற்றவில்லை. உங்கள் பேச்சைக் கேட்டுக் கழற்றினால் தீ வைத்தது பண்ணை இல்லை என்று ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும் அல்லவா?

பூதலூர்ப் பக்கம் உங்கள் சொந்த ஊரில் ஒரு தையல்காரர் வீடு எரிந்தது என்று கேள்விப்பட்டு என்னையும் கூட்டிக்கொண்டு போனீர்கள். கல்யாணமாகி வந்த பெண் அதில் போயிருந்தாள். அங்கே நிலத் தகராறு எதுவும் இல்லை. அதனால் மாமியார் கொளுத்திவிட்டாள் என்று பெண் வீட்டார் சொன்னார்கள். ஸ்டவ் வெடித்தது என்று மாப்பிள்ளை வீட்டார் சொன்னார்கள். வாசலில் குவித்திருந்த சாம்பலில் நீங்கள் குச்சியை விட்டுக் கிளறினீர்கள். பாதி உருகிய ரேடியோவும், அதோடு ஒட்டிக்கொண்டு கறுப்பாகக் கட்டிதட்டிய ஒன்றும் கிடைத்தன. அதை எடுத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். அங்கே எழுத்து வேலை பார்த்தவர் உங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

“மன்னார்குடிப் பக்கமும் இதேதான் சொன்னியாமே? எங்க தீப்பிடிச்சாலும் ரேடியோதானா ஒனக்கு?”

திரும்பும்போது ரயிலுக்காகப் பூதலூர் பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்தோம். வயலெல்லாம் பச்சையாகக் கிடந்தது. நீங்கள் பாதி உருகிய அந்தக் கட்டியை மடியில் வைத்திருந்தீர்கள்.

“ஆளுன்னு ஒருத்தன் இருந்தா புள்ள, அவன் வாசல்ல போயி மண்ண வாரித் தூத்தலாம். நல்லாருப்பியாடான்னு கேக்கலாம். இதுக்கு யாரு வாசல்ல போயி நிக்கறது? அதான் எல்லாரும் ஆளுக்கு ஒரு ஆளத் தேடிக்கிறாங்க.”

ரயில் வந்தது. அந்தக் கட்டியை நீங்கள் பெஞ்சிலேயே வைத்துவிட்டு ஏறினீர்கள். அதன் பிறகு நீங்கள் யார் வீட்டுக்கும் போய்ச் சொல்லவில்லை.

மற்றதெல்லாம் மெதுவாக நடந்தது. எனக்கு மாற்றல் வந்தது, கல்யாணம் ஆனது, பிள்ளை பிறந்தது. வருஷத்துக்கு ஒரு தடவையாவது வந்து உங்களைப் பார்த்துவிட்டுப் போவேன். கடைசியில் ஒரு தேர்தல் முடிந்து தெருவுக்குப் பட்டா வந்தது. உங்கள் இடம் அதில் விட்டுப்போயிருந்தது. குடிசை இல்லாத வெறும் மனை என்று அளந்தவர்கள் எழுதியிருந்தார்கள். யாரும் அதைத் திருத்தச் சொல்லவில்லை. நீங்களும் அண்ணனும் அதற்கு முன்பே வாய்க்கால் புறம்போக்கில் குடிசை போட்டுக்கொண்டு போயிருந்தீர்கள். அண்ணன் மட்டும் தெருவுக்குப் போய் வருவார். அவரோடு எல்லாரும் பேசினார்கள். தெருமுனையில் சங்கத்துக்காரர்கள் ஒரு கல் நட்டார்கள். சிவப்பு எழுத்தில் மலர் பெயர், அதற்குக் கீழே ‘பண்ணை வைத்த தீயில் பலியான சிறுமி’. வருஷா வருஷம் அந்த ஆனி மாதத்து நாளில் அண்ணன் போய் மாலை போடுவார். நீங்கள் அன்றைக்கு வெளியே வர மாட்டீர்கள். ஒரே வீட்டில், ஒரே பிள்ளைக்கு, நீங்கள் இருவரும் இரண்டு சாவைச் சுமந்துகொண்டு கடைசிவரை ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டீர்கள்.

நீங்கள் மன்னார்குடி ஆஸ்பத்திரியில் சிறுநீரகம் கெட்டுப் படுத்திருந்தபோது வந்தேன். முகம் வீங்கியிருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். நான் ஏதாவது நல்லதாகச் சொல்ல நினைத்து, இப்போதெல்லாம் சாமான்களில் ஃபியூஸ் வைக்கிறார்கள், ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாமல் விற்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது என்றேன். நீங்கள் கண்ணை மூடியபடியே, “சட்டம் அப்பவும் இருந்துச்சுல்ல, பட்டாவுக்கு?” என்றீர்கள்.

உங்கள் காரியத்துக்குத் தெருவிலிருந்து வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கொடி போர்த்தவில்லை.

போன ஆனியில் அண்ணனைப் பார்க்கப் போனேன். அவருக்குக் கண் மங்கிவிட்டது, வலது கை மேலே எழும்புவதில்லை. அன்று மலரின் நாள். என் தோளைப் பிடித்துக்கொண்டு தெருமுனைவரை நடந்து வந்தார். மெத்தை வீடுகள் வந்துவிட்டன அக்கா, நீங்கள் பார்த்தால் உங்கள் தெரு என்று சொல்ல மாட்டீர்கள். கல்லைச் சுற்றிப் பிள்ளைகள் நின்றார்கள். அவர்களுக்கு அண்ணன் கதை சொன்னார். பந்தம் பிடித்துக்கொண்டு பண்ணை ஆட்கள் வந்ததையும், தான் வரப்பிலிருந்து பார்த்ததையும், கத்திக்கொண்டே ஓடி வந்ததையும் சொன்னார். ஒவ்வொரு வருஷமும் அந்தக் கதையில் ஓர் ஆள் கூடியிருக்க வேண்டும். பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டார்கள். ஒரு பெண் அழுதுவிட்டாள்.

“நர்சு, நீயும் அன்னிக்கு இருந்தல்ல? சொல்லு இவங்கள்ட்ட” என்றார்.

“இருந்தேண்ணே.”

“மாலைய நீயே போடு. எனக்குக் கை தூக்க வரல.”

நான் வாங்கிப் போட்டேன் அக்கா. சாமந்தி மாலை கீழே சரிந்து அந்த வரியை மறைத்தது. பெயர் மட்டும் தெரிந்தது. காற்று அடித்ததும் மாலை நகர்ந்து வரி மறுபடியும் தெரிந்தது.

இன்னும் கொஞ்ச காலத்தில் அண்ணனும் போய்விடுவார். கல் இருக்கும். அவர் சொன்ன கதையை அந்தப் பிள்ளைகள் சொல்வார்கள். அந்தக் கட்டில் அருகே இருந்த இரண்டு பேரில் இப்போது நான் ஒருத்திதான் இருக்கிறேன். உங்கள் மகள் உங்களிடம் கொடுத்த கடைசிப் பேச்சை நீங்கள் எதற்கும் விற்காமல் வைத்திருந்து என்னிடம் விட்டுவிட்டுப் போனீர்கள். நானும் வைத்திருக்கிறேன். வாங்கிக்கொள்ள யாரும் இல்லை.